லைம் நோய் 30,000 பேருக்கா, 89,000 பேருக்கா, 4,76,000 பேருக்கா? வாசகர் கேள்விகளுக்கு டாக்டரம்மா பதில்

போன இதழ்ல அமெரிக்கா போற அப்பா அம்மாக்களுக்கு நாலு டிப்ஸ் எழுதினப்ப, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்குத்தான் இந்தத் தடவை கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க உண்ணிதான்.

கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகி: டாக்டரம்மா, மே மாசம் நியூஜெர்சில மக வீட்டுக்குப் போறேன், ஆறு மாசம் இருப்பேன். புல்லுல வெறுங்காலோட நடக்காதம்மான்னு மக இப்பவே போன்ல பயமுறுத்துறா. மாப்பிள்ளை அனுப்பின கட்டுரைல வருஷத்துக்கு 30,000 பேருக்கு லைம் வருதுன்னு இருக்கு, இன்னொண்ணுல 89,000, என் தம்பி அனுப்பினதுல 4,76,000. ஒரே நாடு, ஒரே நோய், எப்படி மூணு கணக்கு? எது நிஜம்?

அம்மா, மூணுமே அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி சொன்ன கணக்குதான். மூணும் பொய் இல்ல, ஆனா மூணும் ஒரே விஷயத்தை எண்ணலை.

நம்ம வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கோங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டா, மொய் நோட்டைப் பார்த்து ஒருத்தர் 400 பேர்னு சொல்வார். சமையல்காரர் இலைக் கணக்கைப் பார்த்து 1,100னு சொல்வார். மொய் எழுதாம சாப்பிட்டுப் போனவங்க நோட்டுல இல்ல, ரெண்டு பந்தில உக்காந்த பையன் இலைக் கணக்குல ரெண்டு தடவை இருக்கான். வந்தவங்க உண்மையில எத்தனைன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் ஓரளவு பிடிபடும். 30,000மும் 89,000மும் மொய் நோட்டு, 4,76,000 இலைக் கணக்கு.

மொய் நோட்டு எப்படி எழுதறாங்கன்னு சொல்றேன். 1991லேர்ந்து லைம் அங்க தேசிய அளவுல அறிவிக்க வேண்டிய நோய். டாக்டரோ லேபோ மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுக்கணும், மாநிலம் சிடிசிக்கு அனுப்பணும். ஆனா லேப் பாசிட்டிவ்னு ஒரு பேப்பர் வந்தா மட்டும் பத்தாது, சுகாதாரத் துறை நர்ஸ் ஒருத்தர் அந்த டாக்டரைக் கூப்பிட்டு, நோயாளிக்குத் தடிப்பு இருந்துச்சா, மூட்டு வீங்குச்சா, முகம் ஒரு பக்கம் கோணிச்சான்னு கேட்டு எழுதினாத்தான் அது ஒரு கேஸ். டாக்டர் போனை எடுக்கலைன்னா, ஃபார்ம் திரும்பி வரலைன்னா, அந்த நோயாளிக்கு நோய் இருந்தும் கணக்குல வரமாட்டார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்த காலத்துல வாராவாரம் காய்ச்சல் கணக்கு எழுதி அனுப்புவேன், கூட்டம் அதிகமா இருக்கிற வாரத்துலதான் ஃபார்ம் எழுத நேரமே இருக்காது, அதனால காய்ச்சல் உச்சத்துல இருந்த வாரத்துல என் கணக்கு குறைஞ்சிருக்கும். இப்ப நினைச்சாலும் அது எனக்கு உறுத்தும்.

இப்படி வந்த கணக்குதான் வருஷத்துக்கு முப்பதாயிரத்துச் சொச்சம். 2020ல அது 18,000 பக்கம் இறங்கிடுச்சு. உண்ணி குறைஞ்சதா யாரும் நினைக்கலை, கோவிட் வந்து ஜனங்க ஆஸ்பத்திரிக்குப் போகல, சுகாதாரத் துறை ஆட்களும் கோவிட் வேலைக்குப் போயிட்டாங்க, அவ்வளவுதான்.

2022ல விதியை மாத்தினாங்க. நோய் ரொம்ப அதிகமா இருக்கிற மாநிலங்கள்ல இனிமே டாக்டரைத் துரத்த வேண்டாம், லேப் ரிசல்ட் இருந்தாலே எண்ணிக்கலாம்னு. அந்த ஒரே வருஷத்துல கணக்கு 62,551 ஆச்சு, 2017-2019 சராசரியைவிட கிட்டத்தட்ட 1.7 மடங்கு. அடுத்த வருஷம் 2023ல 89,000ஐத் தாண்டிடுச்சு. பேப்பர்ல 'லைம் நோய் எகிறியது'ன்னு தலைப்பு போட்டா பார்க்கறவங்களுக்கு வயித்தைக் கலக்கும்தான், ஆனா 2022ல வந்த அந்தத் தாவல்ல பெரும்பங்கு எண்ற முறையை மாத்தினதால வந்தது, திடீர்னு அத்தனை பேரை உண்ணி கடிச்சதால இல்ல. பழைய வருஷத்தையும் புது வருஷத்தையும் ஒரே கோட்டுல வரைஞ்சு படம் போடறது தப்பு, சிடிசியே அப்படி ஒப்பிடக் கூடாதுன்னு எச்சரிக்குது.

புது முறைலயும் ஓட்டை இருக்கு. லைம்ல முதல்ல வர்றது தோல்ல வட்டமா விரியற சிவப்புத் தடிப்பு, பத்துல ஏழெட்டுப் பேருக்கு வரும். அந்த நேரத்துல ரத்தப் பரிசோதனை பண்ணினா பல பேருக்கு நெகட்டிவ்னே வரும், உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிக்கவே சில வாரம் ஆகும். அதனால நல்ல டாக்டர் தடிப்பைப் பார்த்ததுமே டெஸ்ட் எதுவும் எழுதாம மாத்திரை கொடுத்து அனுப்பிடுவார், அதுதான் சரியான வைத்தியமும்கூட. ஆனா லேப் பேப்பரை வச்சு எண்ற கணக்குல அந்த நோயாளி கிடையாது. சீக்கிரமா, சரியா வைத்தியம் ஆனவங்கதான் கணக்குலேர்ந்து விட்டுப்போறாங்க பாருங்க.

4,76,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 2010லேர்ந்து 2018 வரைக்கும் கம்பெனி மூலமா இன்ஷூரன்ஸ் உள்ள, 65 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களோட பில்லுகளை எடுத்து, அதுல யாருக்கு லைம்னு குறிச்சு அதுக்கான ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்காங்கன்னு பார்த்து, அதை நாடு முழுக்க விரிச்சு மதிப்பிட்டது. அதனால அது லைம்னு வைத்தியம் பார்க்கப்பட்டவங்க எண்ணிக்கை. சந்தேகத்துக்கு மாத்திரை கொடுத்தவங்களும் அதுல இருக்காங்க. உண்மைல தொத்தினவங்க எத்தனைன்னா 89,000க்கு மேல, 4,76,000க்குக் கீழ எங்கேயோன்னு நான் எடுத்துக்குவேன். சரியா ஒரே நம்பர் சொல்லுங்கன்னு யார் கேட்டாலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் கேட்டுட்டு கவர்ன்மென்ட் மேல கோபம் வேண்டாம்மா. இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததே ரெண்டு அம்மாக்கள் விடாம கணக்கு எழுதினதாலதான். 1975ல கனெக்டிகட் மாநிலத்துல லைம், ஓல்டு லைம்னு பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பாலி மர்ரேன்னு ஒரு அம்மா, அவங்க வீட்டுலயே பல பேருக்கு மூட்டு வீக்கம், தடிப்பு. ஜூடித் மென்ஷ்னு இன்னொரு அம்மாவோட பொண்ணுக்கு முட்டி வீங்கினப்ப குழந்தைகளுக்கு வர்ற முடக்குவாதம்னுட்டாங்க. அது அபூர்வமா வர்ற வியாதி, ஒரே தெருவுல இத்தனை பிள்ளைங்களுக்கு எப்படின்னு ரெண்டு பேரும் தனித்தனியா விசாரிச்சு, தகவல் சேர்த்து மாநில சுகாதாரத் துறைக்குப் போன் பண்ணினாங்க. யேல் பல்கலைக்கழகத்துலேர்ந்து டாக்டர் ஆலன் ஸ்டியர் வந்து தேடினப்ப 51 பேர் கிடைச்சாங்க, அதுல 39 பேர் குழந்தைங்க, சில ரோடுகள்ல பத்துப் பிள்ளைக்கு ஒண்ணு. கிருமி என்னன்னு தெரிய இன்னும் சில வருஷம் ஆச்சு, 1981ல வில்லி பர்க்டார்ஃபர் நியூயார்க் பக்கத்து உண்ணிகளோட வயித்துல சுருள் மாதிரி பாக்டீரியாவைப் பார்த்தார், அதனால அதுக்கு பொரீலியா பர்க்டார்ஃபெரின்னு அவர் பேரே வந்துச்சு.

டல்லாஸ்லேர்ந்து ஒரு வாசகர்: மேடம், நாங்க டெக்சாஸ்ல இருக்கோம். சிடிசி போடற லைம் மேப்ல எங்க கவுண்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சில புள்ளிங்க இருக்கு. ஆனா பாஸ்டன் பக்கம் இருக்கிற எங்க அண்ணன் ஊரு சில வருஷ மேப்ல காலியா இருக்கு. அவர் வீட்டுத் தோட்டத்துலதான் உண்ணி அதிகம். மேப் தப்பா?

தம்பி, ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க. மேப்ல இருக்கிற புள்ளி நோயாளி குடியிருக்கிற இடம், உண்ணி கடிச்ச இடம் இல்ல. உங்க பக்கத்து வீட்டுக்காரர் ஜூன் மாசம் பென்சில்வேனியாவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயி, அங்க கடிபட்டு, டல்லாஸ் வந்து காய்ச்சல்னு படுத்தா புள்ளி டல்லாஸ்லதான் விழும். லைமைக் கொண்டு வர்ற கருங்கால் உண்ணி உங்க பக்கமும் உண்டு. ஆனா தெற்கு மாநிலங்கள்ல அதோட குட்டிங்க புல்லு நுனிக்கு ஏறி ஆளுக்காகக் காத்திருக்கறது குறைவு, சருகுக்கு அடியிலயே கிடக்கும், பல்லி அரணை மாதிரி பிராணிகள்ட்ட ரத்தம் குடிக்கும். வடக்குல அதே குட்டி வெள்ளைக்கால் எலிட்ட குடிக்கும், அந்த எலிதான் கிருமியோட கிடங்கு. மான் மேல பழி போடறாங்க, ஆனா மான் உண்ணியைப் பெருக்குமே ஒழிய கிருமியைக் கொடுக்காது. அதனாலதான் உண்ணி இருந்தும் உங்க பக்கம் லைம் அபூர்வம்.

அண்ணன் மாநிலம் மாசசூசெட்ஸ் கதை வேற. அங்க ஆயிரக்கணக்குல லேப் பேப்பர் வந்து, ஒவ்வொண்ணுக்கும் டாக்டரைக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் கட்டுபடியாகலை. 2016 வாக்குல லேப் தகவலை மட்டும் வச்சுக்கிற மாதிரி அவங்க முறையை மாத்திக்கிட்டாங்க. தேசிய விதிப்படி அப்ப அது கேஸ் இல்ல, அதனால சிடிசி கணக்குல அந்த மாநிலமே கிட்டத்தட்ட மறைஞ்சு போச்சு. 2022ல தேசிய விதியும் மாறின பிறகுதான் திரும்ப மேப்ல தெரியுது. யோசிச்சுப் பாருங்க, அந்த இடைப்பட்ட வருஷ மேப்பை மட்டும் பார்த்துட்டு ஒருத்தர் அங்க நோய் இல்லைன்னு நினைச்சு பிள்ளைங்களை காட்டுக்குள்ள விளையாட விட்டிருந்தா? மேப்ல வெள்ளையா இருக்கிற இடத்தைப் பார்த்தா நோய் இல்லையா, இல்ல தகவல் வரலையான்னு முதல்ல கேளுங்க. மேப்புக்கு அடியில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதைப் படிக்காம மேப்பை நம்பாதீங்க.

இன்னொரு வழியும் இருக்கு. ஆளை எண்ணாம உண்ணியையே எண்றது. வெள்ளைத் துணியை ஒரு குச்சில கட்டி புதர் மேல, சருகு மேல இழுத்துட்டுப் போவாங்க, சில அடிக்கு ஒரு தடவை நின்னு அதுல ஒட்டியிருக்கிற உண்ணியைப் பொறுக்கி எண்ணி, லேபுக்கு அனுப்பி எத்தனைல கிருமி இருக்குன்னு பார்ப்பாங்க. கேக்க எளிமையா இருக்கு, ஆனா 3,000க்கு மேல கவுண்டி இருக்கிற நாட்டுல துணி இழுக்க எத்தனை பேர் இருப்பாங்க? யுனிவர்சிட்டி பக்கத்துல இருக்கிற காடுகள்ல நல்லா தேடியிருப்பாங்க, மத்த இடத்துல பேருக்குத்தான். இருந்தாலும், கருங்கால் உண்ணி பதிவான கவுண்டிகள் 1998ல சுமார் 30 சதவீதம், 2016 கணக்குல சுமார் 45 சதவீதம். இதுல எவ்வளவு நிஜப் பரவல், எவ்வளவு கூடுதலா தேடினதுன்னு பிரிக்கறது கஷ்டம்தான். ஆனா வடகிழக்குலயும் விஸ்கான்சின், மினசோட்டா பக்கத்துலயும் அது விரிஞ்சுட்டே போறதுல சந்தேகம் இல்ல.

பிட்ஸ்பர்க்லேர்ந்து ஒரு வாசகி: எங்க நாய்க்கு வருஷாந்திர செக்கப்ல லைம் பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. ஓடியாடி நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கும் வந்துடுமா? இதையெல்லாம் யாராவது கணக்கு வைக்கறாங்களா?

நாய்லேர்ந்து நேரா உங்களுக்கு வராதும்மா. கிருமி உள்ள உண்ணி எப்பவோ நாயைக் கடிச்சிருக்கு, அவ்வளவுதான் அர்த்தம், பாசிட்டிவ் ஆகற நாய்ங்கள்ல பெரும்பாலானதுக்கு நோய் வர்றதே இல்ல, டாக்டர் சிறுநீர்ல புரதம் போகுதான்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம். ஆனா உங்க நாய் நடக்கிற பாதைலதான் நீங்களும் நடக்கறீங்க, அதை மறக்காதீங்க.

கணக்கு வைக்கறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கும் அதுதான். அங்க நாய்களுக்கு இதயப்புழு இருக்கான்னு வருஷா வருஷம் ஒரு சொட்டு ரத்தத்துல பார்க்கிற கிட்டுலயே பல இடத்துல லைமும் சேர்ந்து இருக்கு. நோய் வந்த நாயைத் தேடிப் பண்றதில்ல, நல்லா இருக்கிற நாய்க்கும் வழக்கமா பண்றது, அதனால மனுஷக் கணக்குல இருக்கிற அந்தப் பெரிய ஓட்டை இதுல கம்மி. லட்சக்கணக்கான ரிசல்ட்டை வளர்ப்புப் பிராணிகளோட ஒட்டுண்ணிகளுக்கான ஒரு கவுன்சில் கவுண்டி வாரியா மேப் போடுது. நாய் நம்மள மாதிரி லீவுக்கு விமானம் ஏறி ஊர் ஊரா போறதும் குறைவு, அதனால பாசிட்டிவ்னா பெரும்பாலும் அந்த ஊர் உண்ணிதான். சிடிசி ஆளுங்க 2011ல ஒப்பிட்டுப் பார்த்தப்ப, நாய்ங்கள்ல 1 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருக்கிற இடத்துல மனுஷங்களுக்கு அங்கேயே தொத்தற ஆபத்து கிட்டத்தட்ட இல்லைன்னு தெரிஞ்சுது. 5 சதவீதத்துக்கு மேல போனா அது எச்சரிக்கை மணி. டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வசதி இல்லாத வீட்டு நாய்ங்க இதுல இல்லைங்கறது ஒரு குறை.

திருவண்ணாமலைலேர்ந்து ஒரு வாசகர்: எங்க ஊர்ப் பக்கம் உண்ணிக் காய்ச்சல்னு பேப்பர்ல வருதே, அதுவும் லைமும் ஒண்ணா?

இல்லீங்க. நம்ம பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு எழுதறது ஸ்க்ரப் டைஃபஸ். அது மாட்டு உண்ணி, நாய் உண்ணி கடிச்சு வர்றதில்ல, புதர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியோட குஞ்சு கடிச்சு வர்றது. கிருமியும் வேற. சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு அக்குள்லயோ இடுப்புலயோ மார்புக்குக் கீழயோ இருக்கும், உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தாத்தான் கண்ணுல படும். லைமுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக்தான் அதுக்கும் மருந்து, தாமதமாச்சுன்னா உயிருக்கே ஆபத்து. பேர்ல உண்ணின்னு இருக்கிறதால நாய் வளர்க்கிற வீட்டுக்காரங்கதான் பயப்படறாங்க, வயக்காட்டுல புதர் வெட்டறவங்க நமக்கில்லைன்னு இருந்துடறாங்க. பேரை மாத்தினாலே பாதி உதவி.

கூடலூர்லேர்ந்து ஒரு வாசகி: நீலகிரிக்கும் குரங்குக் காய்ச்சல் வந்துடுச்சுன்னு சில வருஷம் முன்னாடி சொன்னாங்க, அப்புறம் பேச்சே இல்ல. இப்ப இருக்கா இல்லையா? யார் பார்க்கறாங்க?

இதுதான் நிஜமா உண்ணி கடிச்சு வர்ற நம்ம ஊர் நோய். 1957ல கர்நாடகாவுல ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்து விழுந்துச்சு, பக்கத்து கிராமத்து ஜனங்களுக்குக் கடுமையான காய்ச்சல். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்து ஆளுங்க வைரஸைப் பிரிச்சாங்க, அந்தக் காட்டுப் பேரே நோய்க்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இது கர்நாடகாவுல சில மாவட்டத்தோட முடிஞ்ச நோய்னே நினைச்சாங்க. 2012ல பந்திப்பூர் பக்கம், அதைத் தொட்டு முதுமலைல செத்த குரங்குல, 2013ல வயநாடு, 2015ல கோவா, 2016ல மகாராஷ்டிராவுல சிந்துதுர்க்னு வரிசையா வந்துச்சு.

நோய் நடந்து போச்சா, இல்ல நாம அப்பத்தான் தேட ஆரம்பிச்சோமா? ரெண்டும்னுதான் நான் நினைக்கறேன். அதே 2012 வாக்குலதான் இந்த வைரஸை ரத்தத்துல சீக்கிரமா கண்டுபிடிக்கிற மரபணுச் சோதனை புனேல வந்துச்சு. அதுக்கு முன்னாடி வயநாட்டுல ஒரு காட்டுநாயக்கர் அம்மா ஜனவரி மாசம் காய்ச்சல்ல இறந்திருந்தா என்னன்னு எழுதியிருப்பாங்க? காரணம் தெரியாத காய்ச்சல்னு எழுதியிருப்பாங்க. நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கேன்.

கோவாவுல முந்திரித் தோட்டத்துல வேலை பார்த்தவங்களுக்கு வந்துச்சு, கர்நாடகாவுல விறகு, சருகு பொறுக்கப் போறவங்களுக்கு வருது. ஆஸ்பத்திரிக்குக் கடைசியா வர்ற ஜனங்கதான் இவங்க, அதனால ஆஸ்பத்திரில உக்காந்து எண்ணினா இந்த நோய் எப்பவும் குறைச்சலாத்தான் தெரியும். காட்டுக்குள்ள முதல் தகவல் கொடுக்கறது குரங்குதான். செத்த குரங்கு ஒண்ணு கிடந்தா அதுதான் அந்த இடத்தோட முதல் கேஸ்னு எடுத்துக்கணும், சூடு அடங்கின உடம்பை விட்டு உண்ணிங்க இறங்கி சுத்தி இருக்கிற சருகுல ஆளுக்காகக் காத்திருக்கும். வனத்துறை, கால்நடைத்துறை, சுகாதாரத்துறை மூணும் அன்னிக்கே ஒருத்தருக்கொருத்தர் பேசினாத்தான் பிரயோஜனம், மூணு ஆபீஸ்ல மூணு ஃபைலா கிடந்தா இல்ல.

இப்ப இருக்கான்னு கேட்டீங்களே. பேச்சு இல்லைங்கறதை வச்சு நோய் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்கம்மா. டிசம்பர்லேர்ந்து மே வரைக்கும்தான் சீசன். அந்த மாசங்கள்ல செத்த குரங்கைப் பார்த்தா கிட்ட போகாதீங்க, தொடாதீங்க, ஃபாரஸ்ட் ஆபீஸுக்குச் சொல்லுங்க. காட்டுக்குப் போயிட்டு வந்த ஒரு வாரத்துக்குள்ள திடீர்னு காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி வந்தா, காட்டுக்குப் போனேன்னு டாக்டர்ட்ட நீங்களே சொல்லுங்க, அவர் கேக்கட்டும்னு இருக்காதீங்க. கர்நாடகாவுல ரொம்ப காலம் போட்டுட்டிருந்த பழைய தடுப்பூசி பலன் போதலைன்னு 2022ல நிறுத்திட்டாங்க, அதனால இப்போதைக்கு உண்ணி கடிக்காம பார்த்துக்கறதுதான் ஒரே வழி.

மறுபடி கும்பகோணத்து வாசகி, அதே கடிதத்தோட கடைசி வரில: கடிச்சுட்டா என்ன பண்ணணும், அதை மட்டும் சுருக்கமா சொல்லிடுங்க.

நடந்துட்டு வந்ததும் குளிங்க, முட்டி மடக்கு, அக்குள், காதுக்குப் பின்னாடி, முடிக்குள்ள எல்லாம் தடவிப் பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு பாருங்க, மே ஜூன்ல வர்ற குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். போட்டிருந்த துணியை டிரையர்ல நல்ல சூட்டுல பத்து நிமிஷம் போட்டா உண்ணி செத்துடும். உண்ணி ஒட்டியிருந்தா சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க. மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். கடிச்ச உடனே கிருமி ஏறாது, பொதுவா ஒரு நாளைக்கு மேல ஒட்டியிருந்தாத்தான் ஆபத்து, அதனால தினமும் பார்க்கறவங்களுக்குப் பயம் குறைவு. எடுத்த உண்ணியை போட்டோ எடுத்துக்கிட்டு மூணு நாளுக்குள்ள டாக்டர்ட்ட காட்டினா, தேவைன்னா ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுப்பாங்க.

அப்புறம் தேதியையும் எந்த ஊர்ல நடந்தப்ப ஏறுச்சுங்கறதையும் காலண்டர்ல எழுதி வைங்கம்மா. ஒரு மாசத்துக்குள்ள தடிப்போ காய்ச்சலோ வரலாம், அதுக்குள்ள நீங்க ஊர் திரும்பிட்டா கும்பகோணத்துல டாக்டர் டெங்கு, டைஃபாய்டுன்னுதான் முதல்ல பார்ப்பார், லைம்னு அவருக்குத் தோணாது. நியூஜெர்சிலேர்ந்து வந்தேன், அங்க உண்ணி கடிச்சுதுன்னு நீங்கதான் சொல்லணும்.